"எனக்கு வராது" என்று சொல்லும் பிள்ளைக்கு டியூஷனும் வீடும் செய்ய வேண்டியவை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி. அந்தப் பெருமையே வகுப்பில் பின்தங்கும் பிள்ளைக்குச் சுமையாகிவிடுகிறது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் உறவினர்கள் நலம் விசாரித்த கையோடு மார்க்கையும் விசாரிக்கிறார்கள். தக்கலைப் பக்கம் வீட்டிலேயே மாலை டியூஷன் நடத்திவரும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: "உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதால் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வருவதில்லை. நேற்று வராத ஒரு கணக்கை இன்று தன் கையால் போட்டு முடிக்கும்போதுதான் வருகிறது. அந்த அனுபவத்தை நாள்தோறும் கிடைக்கச் செய்வதே டியூஷன் ஆசிரியரின் வேலையும் வீட்டாரின் வேலையும் ஆகும்.

முதலில், பாடம் எந்த வகுப்பில் விட்டுப்போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை என்பதால் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து உட்காருவது வீண். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழித்தல், இரண்டு இலக்க வகுத்தல், எளிய பின்னம் என்று நான்கைந்து கணக்குகளைக் கொடுங்கள். அரை மணி நேரம் போதும். மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன் தனியாக இதைச் செய்ய வேண்டும். சிறிய வகுப்புப் புத்தகத்தின் அட்டையை இன்னொரு பிள்ளை பார்த்துவிட்டால் அதை வாசித்த பிள்ளை மறுநாள் டியூஷனுக்கு வராது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் அருகில் போகும் முன்பே இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டு விடையை ரப்பரால் அழித்துவிடுவாள். ஒரு மாதம் முழுக்க அவளுக்கு வகுப்புப் பாடத்தையே சொல்லிக்கொடுத்தேன், ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒருநாள் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். மேலுக்கு மேலும் கீழுக்குக் கீழும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து, குறுக்கே இரண்டாகவும் நெடுக்கே மூன்றாகவும் மடித்து விரிக்கச் சொன்னேன். ஆறு கட்டங்கள் வந்தன. தாளில் பாதி எத்தனை கட்டம் என்றதற்கு மூன்று என்றாள், மூன்றில் ஒரு பங்கு எத்தனை என்றதற்கு இரண்டு என்றாள். ஐந்து கட்டங்களைப் பென்சிலால் நிழலிட்டுவிட்டு, "அப்போ ஆறில் ஐந்தா?" என்று தலைநிமிர்ந்து கேட்டாள். அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. அடுத்த இரண்டு வாரம் ஐந்தாம் வகுப்புப் பின்னங்களிலேயே இருந்தோம். நேர விரயம் என்று அவள் அம்மாவுக்குத் தோன்றியது. ஆனால், பின்னம் பிடிபட்ட பிறகு விகிதமும் சதவீதமும் முன்னைப்போல அவளை மிரட்டவில்லை.

அன்றாடப் பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு இருந்தால் நல்லது. நேற்றுப் படித்ததில் மூன்று கேள்விகளை, புத்தகத்தைப் பாராமல் எழுத வைத்துத் தொடங்குங்கள். அவற்றையே மூன்று நாள் கழித்தும் பத்து நாள் கழித்தும் மீண்டும் கேளுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே மனதில் நிற்கும். என் வகுப்பில் ரப்பர் கிடையாது. தவறான விடையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, எந்த வரியில் பிசகியது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பாராட்டும்போது "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்று கடன் வாங்கியதை மறக்காமல் குறித்திருக்கிறாய்" என்று செய்த செயலைச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொண்டால் இது நடவாது.

சதவீதத்தைப் புத்தகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்துப் பிள்ளைக்கு, ரப்பர் பால் எடை அளவுக்கு, அதை உறைய வைத்து உலர்த்திய ஷீட் கிடைப்பதில்லை என்பது வீட்டிலேயே தெரியும். நூறு கிலோ பாலில் ஏறத்தாழ 30 முதல் 35 கிலோதான் உலர் ரப்பர். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர்) விற்ற கணக்கை வாய்க்கணக்காகச் சொல்லும் பையன், தனக்குக் கணக்கு வராது என்று நம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தோவாளையில் பூ விலையையும், குளச்சலில் மீன் ஏலத்தையும் இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையே என்று பெற்றோர் வருந்த வேண்டாம். வீட்டார் செய்ய வேண்டியது வேறு. நாள்தோறும் ஒரே நேரத்தில் முக்கால் மணி நேரம் டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைக்கு அருகில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுத்து அறியாத பாட்டியும் "இன்று படித்ததை எனக்குச் சொல்லு மக்களே" என்று கேட்கலாம் (பிள்ளையை எங்கள் பக்கம் 'மக்களே' என்றுதான் அழைப்போம்). பாட்டிக்குப் புரியும்படி விளக்கும் பிள்ளைக்குப் பாடம் தெளிவாகிவிடும். தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் அப்பா வாரக்கணக்கில் வீட்டில் இருப்பதில்லை, வளைகுடாவில் இருப்பவரோ ஆண்டுக்கணக்கில் இல்லை. அவர்கள் போனில் மார்க்கைக் கேட்காமல், "இன்னைக்கு எந்தக் கணக்கு போட்ட மக்களே?" என்று கேட்டால் அந்த அழைப்புக்குப் பிள்ளை ஓடி வரும். அண்ணனோடும் சித்தப்பா மகளோடும் ஒப்பிடுவதை அறவே நிறுத்த வேண்டும். உறவினர் மார்க் கேட்கும்போது பிள்ளைக்கு முன்னால் நீங்களே பேச்சை மாற்றுவது, நீங்கள் அதன் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அதற்குக் காட்டும்.

பல மாதம் முயன்றும் எழுத்துக்கள் தலைகீழாகவே வருகின்றன, வாசிக்கையில் வரி தாவுகிறது என்றால் சோம்பேறித்தனம் என்று அடிக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரையும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கிறது. மருத்துவச் சான்று இருந்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இலக்கைச் சிறு துண்டுகளாக்கிக் காட்டுங்கள். தேர்ச்சிக்கு 100க்கு 35 வேண்டும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு உரியது என்பதால், அதை முறையாகச் செய்து பழகினாலே பயத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். தவறினாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு என்பதை முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் பேசி வையுங்கள். முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாமல் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மனம் உடைந்து பேசினால் 104 (அரசு மருத்துவ உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகிய எண்களை அழைக்கலாம். அந்த இரண்டு எண்களையும் இன்றே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.