எப்போதாவது உடுத்த ஒரு கில்ட்: கோலாலம்பூரில் இருந்துகொண்டு அளவான விலையில் வாங்கும் முறை

ஸ்காட்லாந்து ஆண்கள் திருமணத்துக்கும் விருந்துக்கும் உடுத்தும் கில்ட் என்னும் கட்டமிட்ட மடிப்பாடை, இன்று நம் வீடுகளுக்குள்ளும் வரத் தொடங்கியிருக்கிறது. பேக்பைப் இசைக்குழுவில் சேர்ந்த பிள்ளைகள், அந்த நாட்டில் படித்துத் திரும்பியவர்கள், நவம்பர் 30ஆம் தேதி புனித ஆண்ட்ரூ நாள் விருந்துக்கு அழைக்கப்படுகிறவர்கள், என்னைப் போல் அக்காள் மகளை அபர்டீன்காரர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்த தாய்மாமன்கள் எனப் பலருக்கும் ஒரு கில்ட் தேவைப்படுகிறது. அங்கே கையால் தைக்கப்படும் எட்டுக் கெஜக் கம்பளிக் கில்ட்டின் விலை நம் பணத்தில் ஈராயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை உடுத்தும் ஆடைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஆனால் கண்ணில் பட்ட மலிவான கில்ட்டை வாங்கினால், முதல் மாலையிலேயே மடிப்புக் குலைந்து பாவாடை போல விரிந்து நிற்கும். அளவிலும் மடிப்பிலும் மட்டும் விட்டுக்கொடுக்காமல், மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடிப்பதே சரியான வழி என்பது என் அனுபவம்.

கடையைத் தேடுவதற்கு முன் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் தவறியது இங்கேதான். வழக்கமாக அணியும் காற்சட்டையின் இடுப்பளவான 34 அங்குலத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். நீளத்தையும் நானே குனிந்து பார்த்துக் குறித்தேன். காற்சட்டை இடுப்பெலும்பின் மீது நிற்கும். கில்ட்டோ அதற்கு மேலே, தொப்புள் உயரத்தில் கட்டப்படுவது. அந்த இடத்தில் என் சுற்றளவு 36 அங்குலம். வந்து சேர்ந்த கில்ட்டை பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பழக்கமான தையல்காரரிடம் எடுத்துப் போனேன். இடுப்பில் உள்ள தோல் வார்களின் பக்கிள்களைப் பிரித்து நகர்த்தித் தைத்து, வேண்டிய இரண்டு அங்குலத்தை அவர் வரவழைத்துவிட்டார். ஆனால் நீளத்தை இரண்டு அங்குலம் குறைக்கச் சொன்னபோது, ஆடையைப் புரட்டி அடி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “இது மடிச்சுத் தச்ச ஓரம் இல்ல தம்பி, வேட்டி மாதிரி நெசவுக் கரை. வெட்டினா துணி செத்துடும்,” என்றார். முறையான கில்ட்டுக்கு அடியில் தையல் மடிப்பே கிடையாது. தறியில் விழுந்த கரையே அதன் ஓரம். அந்தக் கில்ட்டை என்னைவிட உயரமான மைத்துனருக்குக் கொடுத்துவிட்டு, நான் மீண்டும் அளவெடுத்து வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று.

ஆகவே அளவெடுக்க இன்னொருவர் உதவி வேண்டும். தொப்புள் உயரத்தில் ஒரு சுற்றளவு, பிட்டத்தின் மிக அகன்ற பகுதியில் ஒரு சுற்றளவு, தொப்புள் உயரத்திலிருந்து முழங்காற்சில்லின் நடுப்பகுதி வரை ஒரு நீளம் என மூன்று அளவுகள் போதும். அளவெடுக்கும்போது நிமிர்ந்து நேரே பார்த்து நிற்க வேண்டும். தலையைக் குனிந்தாலே நீளம் மாறிவிடும். நாடாவை இழுத்துப் பிடிக்கவும் கூடாது, வயிற்றை உள்ளிழுக்கவும் கூடாது, ஏனென்றால் விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே வார்தான் இடுப்பில் இருக்கும்.

அடுத்தது துணி. மிகக் குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக் நூலால் ஆனவை. பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் பேக்பைப்பும் கில்ட்டும் பெருமளவில் செய்யப்படுகின்றன. உலகச் சந்தையின் மலிவான கில்ட்டுகளில் பல அங்கிருந்தே வருகின்றன. அங்கும் நல்ல தையல் உண்டு, குறை அக்ரிலிக்கில்தான். அது நம் வெக்கையில் உடம்போடு ஒட்டும், சில முறை உடுத்தியதும் உருண்டை உருண்டையாகப் பிசிர் தட்டும், மடிப்பையும் பிடித்து வைக்காது. எப்போதாவது உடுத்துபவருக்கு நான் சொல்வது பாலிவிஸ்கோஸ் என்னும் கலப்புத் துணி. அது மடிப்பைத் தாங்கும், தோலை அரிக்காது, குளிர்ந்த நீரில் கையால் அலசிக் காயப்போடலாம். கம்பளிதான் வேண்டும் என்பவர்கள், கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கனத்த துணியை விட்டு, 13 அவுன்ஸ் அல்லது அதற்கும் குறைந்ததைக் கேட்க வேண்டும். குளிரூட்டிய ஹோட்டல் மண்டபத்துக்குள் 13 அவுன்ஸ் சுகமாகவே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டபம் வரை நடப்பதுதான் சிரமம்.

கில்ட்டின் உயிர் பின்புற மடிப்பில் இருக்கிறது. சேலைக் கொசுவம் நன்றாக அமைந்தால் நடையே அழகாவது போல, கில்ட்டின் மடிப்பு ஆழமாக இருந்தால்தான் நடக்கும்போது அது வீசி மீண்டும் சேர்ந்து விழும். முறையான கில்ட்டுக்கு எட்டுக் கெஜம், அதாவது ஏறக்குறைய 7.3 மீட்டர் துணி போகும். எப்போதாவது உடுத்த ஐந்து கெஜக் கில்ட்டே போதும். எடையும் குறையும், விலையும் குறையும். ஆனால் மடிப்புகள் இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைத்து இறுக்கப்பட்டிருக்கின்றனவா, இஸ்திரி போட்டு மட்டும் விட்டிருக்கிறார்களா என்பதைப் பின்புறப் படத்தை வரவழைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முன்புறப் படத்தை மட்டும் காட்டும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. நல்ல தையலில், மடித்த பிறகும் முன்னால் இருக்கும் கட்டங்கள் பின்னாலும் அதே வரிசையில் தொடரும். அல்லது ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு திரும்பத் திரும்ப வரும்படி அமைத்திருப்பார்கள். இரண்டும் சரியே. எந்த ஒழுங்கும் இல்லாமல் கோடுகள் கலைந்து கிடந்தால் அதை விட்டுவிடலாம்.

இதைப் பார்க்கும் கண் நமக்குப் புதிதன்று. மலாய்க்காரர்கள் பெலிக்காட் என்று அழைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு அந்தப் பெயர் வந்தது தமிழகத்துப் பழவேற்காட்டிலிருந்து. மஸ்ஜித் இந்தியா கடைகளில் கைலியின் மூட்டிய இடத்தில் கட்டம் கட்டத்தோடு சேருகிறதா என்று பார்த்து வாங்கிய நம் தாத்தாக்கள், கில்ட்டையும் அப்படியே சோதித்திருப்பார்கள்.

டார்ட்டன் எனப்படும் அந்தக் கட்ட வடிவத்தைத் தேர்வதில் பலர் தயங்குகிறார்கள். ஒரு டார்ட்டனுக்கு உரிய ஸ்காட்லாந்துக் குலத்தின் பெயர் இல்லாதவர் அதை உடுத்தக் கூடாது என்ற அச்சம் தேவையற்றது. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச் யாவருக்கும் பொதுவானதாகவே கருதப்படுகிறது. கடைகளில் எப்போதும் கிடைப்பதால் விலையும் கட்டுக்குள் இருக்கும். அரச குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பால்மோரல் போன்ற ஒரு சிலவற்றைத் தவிர்த்தால் போதும். சம்பந்தி வீட்டாரின் டார்ட்டனை உடுத்த விரும்பினால், முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

மிகச் சிறந்த பேரம் வேறொன்று உண்டு. ஸ்காட்லாந்தில் கில்ட்டை வாடகைக்கு விடும் கடைகள், சில காலம் பயன்படுத்திய கம்பளிக் கில்ட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகின்றன. பலர் உடுத்தித் தாங்கிய தையல் என்பதால் உறுதியில் குறை இருக்காது. இடுப்பளவு ஓரிரு அங்குலம் மாறினாலும் பக்கிளை நகர்த்திச் சரிசெய்யலாம். நீளம் மட்டும் மிகச் சரியாக இருக்க வேண்டும். உறவினரோ நண்பரோ அங்கே இருந்தால், அவரை நேரில் அனுப்பித் தொட்டுப் பார்த்து வாங்கச் சொல்வது இன்னும் நல்லது. ஒரே ஒரு திருமணம், அதுவும் அங்கேயே நடக்கிறது என்றால், வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே போதும்.

துணைப் பொருள்களில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். கில்ட்டுக்குப் பை கிடையாது என்பதால், முன்னால் தொங்கும் ஸ்போரன் என்னும் தோல் பை அவசியம். அலங்காரமற்ற கறுப்புத் தோலில் ஒன்று எல்லா நிகழ்ச்சிக்கும் பொருந்தும். முழங்காலுக்குக் கீழே மடித்து விடும் கனத்த காலுறை ஒரு சோடி வேண்டும். நீண்ட கயிறு கட்டும் சிறப்புக் காலணி வேண்டியதில்லை, நன்கு மெருகேற்றிய கறுப்புத் தோல் காலணி போதும். காலுறையில் செருகும் சிறு கத்தியை நான் வாங்கவே இல்லை. விமானத்தில் கைப்பையில் அதற்கு இடமில்லை, இங்கே வெளியில் எடுத்துச் செல்வதும் வீண் தொல்லை. கில்ட்டின் முன்புறத்தில் இரண்டு துணிப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அலங்காரத்துக்குக் குத்தும் கில்ட் ஊசியை அவற்றில் வெளிப்புறத் துணியில் மட்டும் குத்த வேண்டும். உள்துணியோடு சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.

இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும், அஞ்சல் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும். நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டால், அளவு தவறினாலும் திருத்த நாள் இருக்கும்.

பொதி வந்ததும் மடிப்புகளின் குறுக்கே வெள்ளை நூலில் நீளமான தற்காலிகத் தையல் ஓடுவதைக் காணலாம். பயணத்தில் மடிப்புக் குலையாமல் இருக்கப் போடப்பட்ட அந்த நூலை, முதல் முறை உடுத்துவதற்கு முன் ஒவ்வொன்றாக வெட்டி உருவிவிட வேண்டும். மடிப்பு பின்னால், தட்டையான பகுதி முன்னால், திறந்த ஓரம் நம் வலப்பக்கம் என்ற முறையில் கட்டி, முழந்தாளிட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் தரையில் புரளாமல் சற்று மேலே நின்றால் நீளம் சரி. உடுத்திய அன்றே பெட்டிக்குள் வைக்காமல், இரவு முழுவதும் காற்றாட விட வேண்டும். கோலாலம்பூரின் ஈரக் காற்றில் வியர்வையோடு மடித்த கம்பளியில் பூஞ்சணம் படிய அதிக நாள் ஆகாது. பிறகு மடிப்புகளைச் சேர்த்துப் பக்கவாட்டில் சுருட்டி, பருத்தித் துணிப் பையில் வைத்து, அந்துருண்டையைத் தனியே ஒரு சிறு முடிச்சில் கட்டிப் பக்கத்தில் வைத்தால், அடுத்த அழைப்பு வரும்வரை மடிப்புக் கலையாமல் இருக்கும்.