சுமைதாங்கியின் உயரம்: பெரிய மாதிரி டாங்கிக்கு மேசை செய்பவர்கள் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. பக்கத்தில் ஓர் ஆவுரஞ்சிக்கல், ஒரு கேணி, சிலவேளை ஒரு மடம். தலைச்சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கவும் திரும்ப ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அதைக் கட்டினார்கள். குனிய வேண்டாம், தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். போர் டாங்கியின் பெரிய மாதிரி செய்கிறவர்கள் வேலை மேசையைப் பற்றி யோசிக்கும்போது முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தக் கல்லைத்தான். நாங்கள் அநேகமாக எப்படித் தூக்குவது என்றே யோசிக்கிறோம். தூக்காமல் இருப்பது எப்படி என்று யோசித்திருந்தால் பாதித் தவறுகள் நடந்திருக்காது.

கடையில் பெட்டியோடு வாங்கும் 1:16 ரிமோட் டாங்கியைப் பற்றி நான் பேசவில்லை. அதை ஒரு ஆள் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். 1:6 அளவுக்குப் போனால் கதை வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறில் ஒன்றாகும்போது பருமன் 216இல் ஒன்றாகிறது. இரண்டாம் உலகப் போர்க் கால ஜேர்மன் டாங்கியான டைகர் 57 தொன். அதே இரும்பில், அதே தடிப்பு விகிதத்தில் செய்தால் 264 கிலோ வரும். அப்படி யாரும் செய்வதில்லைதான். ஆனாலும் முழுக்க உலோகத்தில் செய்தவை 100 கிலோவைத் தாண்டிவிடும். என்னுடையது அதே காலத்து அமெரிக்க டாங்கியான ஷேர்மனின் மாதிரி. பிளைவுட் உடல், அலுமினியத் தகடு, சில்லுகளைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலி, சக்கர நாற்காலி மோட்டர் இரண்டு. நீளம் 97 சென்ரிமீற்றர்.

அதன் பாரம் 45 கிலோ இருக்கும் என்று நினைத்து இரண்டு மர முக்காலிகளின் மேல் ஏற்றினேன். இதுதான் முதல் தவறு, எல்லாரும் விடுவது. பாரத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. மச்சான் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் மெல்ல இறங்கியது. "கையை எடு, கையை எடு!" என்று கத்தினேன். எடுத்துவிட்டான். முக்காலி சரிந்து, டாங்கியின் மூக்கு சீமெந்தில் குத்தியது. அவனுடைய விரல்கள் அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிறகு நிறுத்துப் பார்த்தபோது 64 கிலோ. நிறுப்பதற்குப் பெரிய தராசு தேவையில்லை. ஆட்கள் ஏறி நின்று பார்க்கும் தராசு இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, டாங்கியின் முன்பக்கத்தை ஒன்றிலும் பின்பக்கத்தை மற்றதிலும் தாங்க விடுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்தப் பாரம். எனக்கு முன்னால் 37, பின்னால் 27 வந்தது. ஷேர்மனில் கியர்ப் பெட்டியும் சங்கிலியை இழுக்கும் பல்லுச் சில்லும் முன்னால்தான். மாதிரியிலும் அப்படியே வைத்ததால் மூக்குப் பாரம். கட்டைகளுக்கு இடையே 60 சென்ரிமீற்றர். அதைப் பின்பாரத்தால் பெருக்கி மொத்தப் பாரத்தால் வகுத்தால், முன் கட்டையிலிருந்து 25 சென்ரிமீற்றரில் பாரம் சமனாகிறது. நான் முக்காலிகளை உடலின் நடுவுக்கு இருபுறமும் சம தூரத்தில் வைத்திருந்தேன். முன் முக்காலி ஏறக்குறைய பாரம் சமனாகும் இடத்துக்குக் கீழேயே நின்றிருக்கிறது. சங்கிலியைப் பிடித்து முன்னால் இழுத்ததும் சரிந்துவிட்டது.

அந்த இடத்தை உடலின் இரு பக்கமும் பென்சிலால் குறித்து வையுங்கள். பற்றரியைக் கழற்றினால் அது நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். மேலே சுழலும் சுடுகோபுரத்தைக் கழற்றினாலும், அதன் பீரங்கிக் குழாயைப் பக்கவாட்டில் திருப்பினாலும் அப்படித்தான். நிஜ டைகரின் சுடுகோபுரம் மட்டும் ஏறக்குறைய 11 தொன். விகிதப்படி அது ஏறக்குறைய 51 கிலோ. அவ்வளவு பாரம் திடீரென்று இல்லாமல் போனால் எந்த மேசையும் அதை உணரும்.

எங்கே தாங்குவது

சங்கிலியின் மேலேயே டாங்கியை நிற்க விட்டு வேலை செய்வது அடுத்த தவறு. சில்லு, ஸ்பிரிங், சங்கிலி மூன்றும்தான் அதிகம் பழுதாகும் இடங்கள். அவற்றின் மேல் பாரம் இருந்தால் எதையும் கழற்ற முடியாது. உடலின் அடித்தட்டைத் தாங்க வேண்டும். சங்கிலிகள் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு அகலம் கிடைக்கிறது என்று அளந்து, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு விரல் குறைவாக ஒரு மேடை செய்யுங்கள். மேலே பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினால் வழுக்காது, வர்ணமும் கீறாது. அடித்தட்டு மெல்லிய தகடாக இருந்தால் நடுவில் தாங்க வேண்டாம், உள்ளே சட்டம் ஓடும் கோட்டில் தாங்குங்கள்.

மேடை ஒடுங்கியிருப்பதால் கீழ்க்கால்கள் அகல வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கால்களின் இடைவெளி 40 சென்ரிமீற்றராகவும், பாரம் 1 மீற்றர் உயரத்திலும் இருந்தால் 11 பாகை சாய்ந்தாலே கவிழும். இடைவெளியை 70 ஆக்கினால் 19 பாகை வரை தாங்கும். டாங்கியை மேலே ஏற்றிவிட்டு மேசையை உருட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

உயர்த்தும் வேலை

காரோடு வரும் கத்தரி ஜக்கை வைத்து ஏற்றி இறக்கும் மேசை செய்வது நல்ல யோசனை. நானும் அதைத்தான் பாவிக்கிறேன். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆசையில் முழுக்க மடங்கித் தரையோடு படுக்கும்படி செய்துவிடுகிறார்கள். கத்தரிக் கை எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு விசை வேண்டும். 100 கிலோ பாரத்தை, கை 45 பாகையில் நிற்கும்போது 100 கிலோ விசையால் தூக்கலாம். 30 பாகையில் 173 கிலோ வேண்டும். 10 பாகையில் 567 கிலோ! திருகாணியின் புரி தேய்வதும், போல்ட் வளைவதும், வெல்டிங் விடுவதும் அந்த அடி நிலையில்தான். கீழே ஒரு கட்டையை வைத்து, 25 பாகைக்குக் கீழே இறங்காமல் தடுத்துவிடுங்கள்.

மூட்டுகளுக்கு மர ஸ்குரூவோ, முழுக்கப் புரி போட்ட போல்டோ போடக் கூடாது. புரி இரும்பை அரித்துத் துளையைப் பெருப்பித்துவிடும். நடுப்பகுதி வழுவழுப்பான போல்ட் எடுத்து, நைலோன் வளையம் உள்ள நட்டால் பூட்டுங்கள். அப்புறம், எந்த ஜக்காக இருந்தாலும் உயர்த்தும் வேலை மட்டும்தான் அதற்கு. தாங்கும் வேலையை அதற்குக் கொடுக்க வேண்டாம். ஒயில் ஜக்கின் சீல் கொஞ்சம் தேய்ந்தாலே இரவோடிரவாக இறங்கியிருக்கும். வேண்டிய உயரம் வந்ததும் இரும்புக் கம்பி ஒன்றைத் துளையில் செருகி, பாரத்தை அதன் மேல் இறக்கிவிட்டுத்தான் கீழே கை வைக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, மச்சானுக்கும்தான்.

கூரை வளையில் கப்பி கட்டித் தூக்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். 64 கிலோவைத் தூக்க நீங்கள் 64 கிலோ இழுக்கிறீர்கள். வளையில் தொங்குவது 128 கிலோ. அந்த வளை ஓட்டைத் தாங்கப் போட்டது. உள்ளே கறையான் அரித்திருந்தாலும் வெளியில் தெரியாது.

கிணற்றுத் துலா மாதிரி மறுமுனையில் கல் கட்டிச் செய்யலாம் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இந்த ஆசை வரத்தான் செய்யும். துலா மிதிப்பவர் பாரத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நடப்பார். கட்டிய கல் நடக்காது. சுடுகோபுரத்தைக் கழற்றிய அடுத்த கணம் கல் கீழே போகும், டாங்கி மேலே எழும்பும். வேண்டாம்.

சில்லும் மழையும்

2 அங்குலக் குட்டிச் சில்லுகள் கடையில் அழகாக ஓடும். வீட்டு விறாந்தையின் சீமெந்து வெடிப்பில் நின்றுவிடும், முற்றத்துச் செம்மண்ணில் புதைந்துவிடும். 4 அங்குலமாவது எடுங்கள், நான்கிலும் பிரேக் இருக்கட்டும். மேற்தட்டுக்கு அமுக்கிய தூள்பலகை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஊதி ஸ்குரூவை விட்டுவிடும். பனஞ்சிலாகை கிடைத்தால் அதுதான், இல்லாவிட்டால் பொக்ஸ் பார் என்னும் சதுர இரும்புக் குழாய். வெல்டிங் செய்யும்போது இரும்பில் நாகப் பூச்சு இருந்தால் அதை முதலில் அராவி எடுங்கள், அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். டாங்கியை மேசையில் வைத்துக்கொண்டு ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். உள்ளே மோட்டரை இயக்கும் கொன்ட்ரோலர் பழுதாகிவிடும்.

எனக்குச் சில்லு கட்டாயம் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சங்கிலிச் சத்தம் அம்மாவுக்கு ஆகாது. எந்தச் சத்தம் அவவுக்கு ஞாபகம் வருகிறது என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இயந்திரத்தில் உள்ள விருப்பத்தால்தான் நான் இதைச் செய்கிறேன். அது அவவுக்கும் தெரியும். ஆனாலும் வேலை முடிந்ததும் மேசையோடு உருட்டிக் கோடிப்புறக் கொட்டிலுக்குள் விட்டு, சீலையால் மூடிவிடுவேன். தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் ஒரு நாளும் ஒழுங்காக நடந்திருக்காது.

கடைசியாக உயரம். வேலை செய்ய வசதியான உயரத்தை மட்டும் பார்த்து மேசை செய்கிறார்கள். அதோடு இன்னும் இரண்டு உயரங்களை அளக்க வேண்டும்: டாங்கியைக் கொண்டுபோகும் வான் வண்டியின் பின்தட்டு, டாங்கியை வைத்திருக்கும் தட்டு. மேசை இந்த மூன்றிலும் நின்று பூட்டினால், இடையே ஒரு பலகையைப் போட்டு டாங்கியை அதன் சொந்த மோட்டரிலேயே ஏற்றி இறக்கலாம். பலகையின் முனையை மேசையோடு கொளுவி வையுங்கள். சங்கிலி பிடிக்கும்போது பலகை பின்னால் தள்ளுப்படும். எனக்கு வானின் பின்தட்டு 58 சென்ரிமீற்றர், கொட்டில் தட்டு 45, வேலைக்கு 80. செருகு கம்பிக்கு மூன்று துளைகள் போட்டிருக்கிறேன்.