படங்களின் பின்னணியை மொத்தமாக மாற்றுவது எப்படி? போட்டோஷாப் ஆக்‌ஷன் செய்முறை

பின்னணியை நீக்கி வெள்ளை நிறம் வைக்க வேண்டும், அதுவும் நூறு படங்களுக்கு. ஒவ்வொன்றாகச் செய்தால் ஒரு நாளே போய்விடும். இதற்காகத்தான் போட்டோஷாப்பில் ஆக்‌ஷன் இருக்கிறது. 1996இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்தே உள்ள வசதி இது. நாம் ஒருமுறை செய்து காட்டுவதைப் பதிவுசெய்துகொண்டு, கேட்கும்போதெல்லாம் அப்படியே செய்து தரும்.

ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் பலர், அடுத்த படத்திலேயே பிழைச் செய்தி வந்ததும் இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: பூட்டிய பேக்ரவுண்ட், லேயரின் (படத்தின் ஓர் அடுக்கின்) பெயர். இந்த இரண்டையும் முதலிலேயே கவனித்துக்கொள்வோம்.

படி 1: பூட்டைத் திறக்கும் குட்டி ஆக்‌ஷன்

ஜேபெக் படத்தைத் திறந்தால் லேயர் பேனலில் ‘பேக்ரவுண்ட்’ என்று பூட்டுக் குறியோடு வரும். அந்த லேயரில் வெற்றிடம், அதாவது நிறமே இல்லாத ஒளிபுகும் பகுதி, இருக்க முடியாது. பின்னணியை அழித்தால் அங்கே ஒரு நிறம்தான் நிரம்பும். அதனால் முதலில் அதைச் சாதாரண லேயராக மாற்ற வேண்டும்.

ஒரு ஜேபெக் படத்தைத் திறந்துகொண்டு, ஆல்ட் + எஃப்9 அழுத்தி ஆக்‌ஷன் பேனலை வரவழையுங்கள். அதில் புதிய செட் ஒன்றை உருவாக்கி, அதற்குள் ‘பூட்டு திற’ என்று ஓர் ஆக்‌ஷன் தொடங்குங்கள். சிவப்பு வட்டம் எரிந்தால் பதிவு நடக்கிறது என்று பொருள். இப்போது ஆல்ட்டை அழுத்தியபடி பேக்ரவுண்ட் லேயரை இருமுறை கிளிக் செய்யுங்கள். அது ‘லேயர் 0’ ஆகிவிடும். பதிவை நிறுத்துங்கள்.

இதைத் தனி ஆக்‌ஷனாக வைப்பது ஏன்? வெற்றிடம் உள்ள பிஎன்ஜி படங்களில் பேக்ரவுண்டே இருக்காது. இல்லாததைத் திறக்கச் சொன்னால் ஆக்‌ஷன் அங்கேயே நின்றுவிடும்.

படி 2: முதன்மை ஆக்‌ஷன்

பேக்ரவுண்ட் பூட்டோடு உள்ள வேறொரு படத்தைத் திறந்து, அதே செட்டில் ‘வெள்ளைப் பின்னணி’ என்று இன்னோர் ஆக்‌ஷனைப் பதிவுசெய்யத் தொடங்குங்கள். இனி வரிசை முக்கியம்.

முதலில், ஆக்‌ஷன் பேனலின் மெனுவில் ‘இன்சர்ட் கண்டிஷனல்’. பேக்ரவுண்ட் லேயர் இருந்தால் ‘பூட்டு திற’ ஓடட்டும், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்று அமையுங்கள். இந்த ஒரு வரிதான் ஜேபெக், பிஎன்ஜி இரண்டுக்கும் ஒரே ஆக்‌ஷனைப் பொருத்துகிறது. பதிவின்போது உங்கள் படத்தில் பூட்டு திறக்கவில்லையென்றால் பதிவை நிறுத்தி, ‘பூட்டு திற’வை ஒருமுறை ஓட்டிவிட்டு மீண்டும் பதிவைத் தொடருங்கள்.

அடுத்து செலக்ட் மெனுவில் ‘சப்ஜெக்ட்’. 2018இல் வந்த இந்த வசதி படத்தின் முக்கியப் பொருளைத் தானே தேர்ந்தெடுக்கும். பிறகு லேயர் பேனலின் கீழுள்ள மாஸ்க் பொத்தான். மாஸ்க் என்பது லேயரில் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை. பின்னணி மறையுமே தவிர அழியாது. மாஸ்க்கை நான் வற்புறுத்துவது அதனால்தான்.

லேயர் மெனுவில் நியூ ஃபில் லேயர், சாலிட் கலர், வெள்ளை. அது மேலே வந்து படத்தை மூடிவிடும். உடனே மவுஸால் பிடித்து இழுக்காதீர்கள். லேயர் மெனுவின் அரேஞ்ச் பகுதியில் ‘சென்ட் டு பேக்’ கொடுங்கள். எத்தனை லேயர் இருந்தாலும் இது அடியில் கொண்டுபோய் வைக்கும்.

பதிவின்போது லேயரைக் கிளிக் செய்து தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். கிளிக் செய்தால் அதன் பெயரும் பதிவாகும். அடுத்த படத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் பிழைதான். ஆல்ட் + [ அழுத்தினால் கீழ் லேயர், ஆல்ட் + ] அழுத்தினால் மேல் லேயர், பெயர் தேவைப்படாது. பதிவை நிறுத்துங்கள்.

படி 3: மொத்தமாக ஓட்டுதல்

ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ், இமேஜ் பிராசசர். படங்கள் உள்ள ஃபோல்டரைக் காட்டி, கீழே ‘ரன் ஆக்‌ஷன்’ டிக் செய்து நம் ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோமேட் மெனுவில் ‘பேட்ச்’ என்பதும் உண்டு. தொடக்கத்துக்கு இமேஜ் பிராசசரே எளிது, சேமிப்பதைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை.

ஜேபெக், பிஎஸ்டி (லேயர்களோடு சேமிக்கும் போட்டோஷாப் கோப்பு) இரண்டையும் டிக் செய்யுங்கள். தலைமுடி, கண்ணாடி, புகை போன்றவற்றில் தானியங்கித் தேர்வு தடுமாறும். பிஎஸ்டி கையில் இருந்தால் அந்தப் படத்தின் மாஸ்க்கை மட்டும் பிரஷ்ஷால் சரிசெய்யலாம்: வெள்ளை பூசினால் தெரியும், கறுப்பு பூசினால் மறையும். முழு ஃபோல்டரையும் கொடுப்பதற்கு முன், ஒன்றுக்கொன்று வேறுபட்ட நாலைந்து படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு பிஎன்ஜியாவது இருக்கட்டும்.