பில்லி மேஸ் நினைவு நாள்: எங்கள் வீட்டில் நடத்தும் முறை

ஜூன் 28 வந்தால் எங்கள் வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் நீலச் சட்டையும் காக்கிப் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வருவார்கள். 2009-ல் அந்த நாளில்தான் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் பில்லி மேஸ் இறந்துபோனார். வயது 50. டிவியில் கறை நீக்கும் பவுடர், ஒட்டுப் பசை, துடைக்கும் துணி என்று விற்றவர். கறுத்த தாடி, அடுத்த அறைக்கும் கேட்கும் குரல்.

விளம்பரத்தில் வந்தவருக்கு நினைவு நாளா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அவர் வேண்டப்பட்டவர். 2002-ல் கல்யாணமாகி பிட்ஸ்பர்குக்கு வந்தேன். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. வீட்டுக்காரர் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலெல்லாம் டிவிதான் துணை. செய்தி வாசிப்பவர்கள் பேசுவது பாதிதான் புரியும். பில்லி பேசினால் ஒரு சொல்கூட நழுவாது. ஒவ்வொன்றையும் அழுத்திச் சொல்வார், சொன்ன கையோடு செய்தும் காட்டுவார். சொல் புரியாவிட்டாலும் கை புரியும். அவர் பிறந்த மெக்கீஸ் ராக்ஸ் பிட்ஸ்பர்கை ஒட்டி, ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. பக்கத்து ஊர்க்காரர்!

சரி, எப்படி நடத்துவது என்று சொல்கிறேன்.

முதல் வருஷம் நான் இரண்டு பக்கம் எழுதி வைத்து வாசித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். அறையில் பில்லி இல்லை. விற்பனைக்காரரை நினைக்க வேண்டுமென்றால் ஒரு பொருளை எடுத்து மேஜையில் வைத்து, நாலு பேர் முன்னால் செய்து காட்ட வேண்டும். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் நினைவு நாளின் நடுநாயகம் அதுதான்.

நாங்கள் எடுப்பது அவர் விற்ற கறை நீக்கும் பவுடரான ஆக்ஸிகிளீன், கறை மஞ்சள் கறை. பழைய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றில் முந்தின நாளே கொஞ்சம் சாம்பாரை ஊற்றிக் காய விடுங்கள். பட்டும் கம்பளியும் வேண்டாம், இந்தப் பவுடர் அவற்றைக் கெடுத்துவிடும். வந்தவர்கள் உட்கார்ந்ததும் கண்ணாடிப் பாத்திரத்தில் நல்ல சூடான தண்ணீர் ஊற்றிப் பவுடரைக் கரையுங்கள். அளவு டப்பாவிலேயே இருக்கும். கண்ணாடிப் பாத்திரம் முக்கியம், பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

துணியை முக்கிய உடனே மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ‘ஐயோ’ என்பார்கள். பயப்பட வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதேதான் இது. பவுடரில் சலவைச் சோடா இருக்கிறது, அது சுண்ணாம்பைப் போலவே காரம். கூடவே தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு பிரிந்து, சின்னச் சின்னக் குமிழியாக வேலையைத் தொடங்கும். அந்தச் சிவப்பு நின்றிருக்கும் நேரம்தான் பேசுவதற்கு ஏற்ற நேரம். எல்லார் கண்ணும் பாத்திரத்தில் இருக்கும்.

பேசுகிறவர் “ஹாய், பில்லி மேஸ் ஹியர்!” என்று உரக்கத் தொடங்க வேண்டும். முணுமுணுத்தால் மறுபடி சொல்லச் சொல்வோம். அப்புறம் அவர் கதை. 1983-ல் அட்லான்டிக் சிட்டி கடற்கரையோரப் பலகை நடைபாதையில் நின்று, போகிற வருகிறவர்களைக் கூவி அழைத்துத் வாஷ்மேட்டிக் என்ற கழுவும் சாதனம் ஒன்றை விற்றார். அங்கிருந்த பழைய விற்பனைக்காரர்களிடம் தொழில் கற்றார். பிறகு பல வருஷம் ஊர் ஊராகக் கண்காட்சிகள். 1993-ல் பிட்ஸ்பர்க் கண்காட்சியில், போட்டிக் கடை போட்டிருந்த மேக்ஸ் அப்பெல் நண்பரானார். அவருடைய ஆரஞ்சு குளோ நிறுவனத்தின் பொருட்களை விற்கத்தான் 1996-ல் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற விற்பனைச் சேனலில் டிவிக்கு வந்தார். நடைபாதையில் கழித்த வருஷங்களைக் கட்டாயம் சொல்லுங்கள். நிற்காமல் நடந்துபோகிற மனிதரை ஒரு வாக்கியத்தில் நிறுத்தப் பழகிய குரல் அது. அதைத்தான் பலர் வெறும் சத்தம் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர் சாவைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். முந்தின நாள் அவர் வந்த விமானம் தரையிறங்கும்போது டயர் வெடித்தது, மேலிருந்து ஏதோ தலையில் விழுந்தது என்றார். அதனால்தான் இறந்தார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. பிரேதப் பரிசோதனையில் வந்தது இதய நோய். பின்னால் வந்த அறிக்கை, கொகெய்னும் ஒரு துணைக் காரணம் என்றது. குடும்பம் அதை ஏற்கவில்லை. கேட்டால் இவ்வளவையும் மறைக்காமல் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். துருவ வேண்டாம்.

நீலச் சட்டை நாங்களாகக் கண்டுபிடித்ததல்ல. மெக்கீஸ் ராக்ஸில் நடந்த இறுதிச் சடங்கில் அவர் பெட்டியைச் சுமந்தவர்கள், டிவியில் அவர் போடுவதுபோல் நீலச் சட்டையும் காக்கிப் பேன்ட்டும் அணிந்திருந்தார்கள். நாங்களும் அதையே போடுகிறோம். கேலி வேஷமாக ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு வந்தால் எனக்குப் பிடிக்காது. கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

வருகிறவர்களை ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் பேச்சைக் கேட்டு வாங்கியதாக இருந்தால் நல்லது, ஒன்றுக்கும் உதவாமல் போனதாக இருந்தாலும் கொண்டுவரட்டும். ஒவ்வொருவருக்கும் 2 நிமிஷம். அவர் செய்த விளம்பரங்களில் பலவும் அந்த நீளம்தான். கைக்கடிகாரம் வைத்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் பேச்சு நீண்டுகொண்டே போகும். போன வருஷம் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் மைட்டி பட்டி என்ற, அவர் விற்ற ஒட்டுப் பசையால் ஒட்டிய கோப்பையைக் கொண்டுவந்தார். அவர் கணவர் உயிரோடு இருந்தபோது ஒட்டிக் கொடுத்தது. கோப்பைக் காதின் அடியில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து இறுகியிருந்தது. அந்த அம்மாவின் 2 நிமிஷம் முடிந்தும் நான் மணி அடிக்கவில்லை.

சாப்பாடு முடிய இரண்டு மணி நேரமாகும். அதற்குள் சிவப்பு வெளிறி, துணியில் லேசான மஞ்சள் நிழல்தான் மிச்சமிருக்கும். நன்றாக அலசி வெயிலில் கொடியில் போடுங்கள், மஞ்சளுக்கு வெயில் ஆகாது. மிச்சக் கரைசலைப் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்காதீர்கள், ஆக்ஸிஜன் அழுத்தத்தில் பாட்டில் வெடித்துவிடலாம். நிறையத் தண்ணீர் விட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுங்கள். குளோரின் பிளீச்சோடும் கலக்க வேண்டாம்.

கிளம்புகிறவர்கள் பின்கட்டு வழியாகப் போய், கொடியில் கிடக்கும் துணியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். துணி காய்ந்ததும் மடித்து வைத்துவிடுவேன். அடுத்த ஜூனுக்கு அதே துணிதான்.