டேக்டவுன் ரீகர்வ் வில்லுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்: மரத்தைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்காவில் கையால் செய்து தரும் டேக்டவுன் ரீகர்வ் வில்லுக்கு ஆயிரம் டாலர் அளவில் ஆகும். பெயர் பெற்றவர்களிடம் அதற்கும் மேல். முன்பணம் கட்டிவிட்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்க வேண்டியிருக்கும். அத்தனைக்கும் பிறகு வந்து சேரும் வில் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றால், தவறு பெரும்பாலும் ஆர்டர் படிவத்தில் எழுதிய எண்களில்தான் இருக்கும். பலரும் மரத்தின் நிறத்தில் தொடங்கி, அளவுகளை அவசரமாக நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். வரிசையைத் திருப்புங்கள். முதலில் உங்கள் இழுப்பு நீளம், பிறகு இழுப்பு எடை, வில்லின் நீளம், இணைப்பு, கைப்பிடி. அதெல்லாம் முடிந்த பிறகு மரம்.

ரீகர்வ் என்றால் நுனிகள் எய்பவரிடமிருந்து விலகி முன்பக்கம் வளைந்த வில். டேக்டவுன் என்பது மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய வில். நடுவில் கைப்பிடியோடு கூடிய ரைசர், மேலும் கீழும் வளையும் இரண்டு லிம்ப்கள். பயணத்துக்கு வசதி என்பது ஒரு பக்கம். ஒரே ரைசருக்கு வேறு எடையில் இன்னொரு ஜோடி லிம்ப் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய ஆதாயம்.

இழுப்பு நீளம்

இரு கைகளையும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுக்கும் கணக்கு பரவலாக இருக்கிறது. 70 அங்குலம் வந்தால் 28. இது தோராயம் மட்டுமே. வில்லைச் சற்றுச் சாய்த்து, முழங்கையை லேசாக மடக்கி எய்பவருக்கு உண்மை அளவு இதைவிட ஓர் அங்குலம், சில சமயம் இரண்டு அங்குலம் குறையும். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் இருந்து வருபவர்கள் பழைய அளவை அப்படியே எழுதுவதும் இதே சிக்கலில்தான் முடிகிறது.

சரியாக அளக்க 20 முதல் 25 பவுண்டு வில் ஒன்றையும், வெட்டாத நீள அம்பு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாணை நீங்கள் எப்போதும் நிறுத்தும் இடத்துக்கு, வாயோரமோ கன்ன எலும்போ, இழுத்து நில்லுங்கள். கைப்பிடியின் ஆழமான பகுதிக்கு நேர் மேலே அம்பில் ஒருவரைக் குறியிடச் சொல்லுங்கள். நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து அந்தக் குறி வரை அளந்து, அதோடு ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டினால் வருவது ஏ.எம்.ஓ. (வில் உற்பத்தியாளர் சங்கம்) முறைப்படியான இழுப்பு நீளம். வில் செய்பவர்கள் இந்த முறையில்தான் பேசுவார்கள். எந்த முறையில் அளந்தீர்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் ஒன்றே முக்கால் அங்குலம் எங்கோ தொலைந்துபோகும்.

ஒருமுறை அளந்து விட்டுவிடாதீர்கள். இருபது, முப்பது அம்பு எய்து தோள் தளர்ந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். முதல் அளவு பெரும்பாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்த அளவாக இருக்கும். இரண்டாவதாக வருவதுதான் நீங்கள் அன்றாடம் எய்யும் அளவு.

எடை

வில்லில் 45 பவுண்டு, 28 அங்குலம் என்று எழுதியிருந்தால், 28 அங்குலத்துக்கு இழுக்கும்போது விரலில் 45 பவுண்டு இருக்கும் என்று பொருள். அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை பவுண்டு மாறும். 26 அங்குலமே இழுப்பவருக்கு அதே வில் 40 பவுண்டுதான். ஆகவே படிவத்தில் “28-ல் இத்தனை” என்று எழுதாமல், “என் 26½ அங்குலத்தில் 38 பவுண்டு வேண்டும்” என்று எழுதுங்கள். நல்ல கைவினைஞர் மீதியைக் கணக்கிட்டுக்கொள்வார்.

எத்தனை பவுண்டு? புதிதாகத் தொடங்குபவருக்கு 25 முதல் 35 போதும். இலக்குப் பலகையிலும் முப்பரிமாண விலங்குப் பொம்மைகளிலும் எய்ய 35 முதல் 42 தாராளம். வேட்டைக்கு வாங்குபவர் தன் மாகாணச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எடையை முதலில் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது 40 பவுண்டு அல்லது அதற்கு நெருக்கம். ஒரு சோதனை: நண்பரின் வில்லில் முழுமையாக இழுத்துப் பத்து எண்ணும்வரை ஆடாமல் நில்லுங்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி, மறுபடி, ஐந்து முறை. மூன்றாவது முறையிலேயே முன்தோள் காதை நோக்கி ஏறினால் அந்த எடை உங்களுக்கு அதிகம். எடை மிகுந்த வில் கற்றுக்கொடுப்பதெல்லாம் கெட்ட பழக்கம்தான். முழுமையாக இழுக்காமலே விடுவது, குறி வந்து சேருமுன் விரல் தானாகத் திறந்துகொள்வது, இரண்டுமே ஒட்டிக்கொண்டால் போக வருடங்கள் ஆகும். எங்கள் தீர்மானமான கருத்து: நினைத்திருக்கும் எடையிலிருந்து ஐந்து பவுண்டு குறைத்து ஆர்டர் கொடுங்கள்.

கையில் பணம் இருந்தால் அதே நேரத்தில் இரண்டு ஜோடி லிம்ப் கேளுங்கள், ஒன்று 35, இன்னொன்று 42 என்பதுபோல. அந்தந்தக் கைவினைஞரின் சொந்தத் திருகு இணைப்புகளில் லிம்பை அந்தக் குறிப்பிட்ட ரைசரோடு சேர்த்துத்தான் இழைத்துப் பொருத்துவார்கள். பிறகு கேட்டால் ரைசரையே திருப்பி அனுப்பும்படி ஆகலாம்.

வில்லின் நீளமும் கடைசி அங்குலமும்

26 அங்குலம் வரை இழுப்பவருக்கு 56 முதல் 60 அங்குல வில் சரியாக இருக்கும். 27, 28 இழுப்பவருக்கு 60 அல்லது 62. 29-க்கு மேல் போனால் 64-க்குக் குறைய வேண்டாம். புதர்களுக்குள் நுழைய, மறைவிடத்தில் உட்கார்ந்து எய்யக் குட்டை வில் வசதி என்பது உண்மைதான். ஆனால் வில் குட்டையாகும்போது முழு இழுப்பில் நாண் விரல்களை ஆப்புபோலக் கூர்கோணத்தில் நெருக்கும். மோதிர விரல் மரத்துப்போகும்.

இதோடு சேர்ந்து வருவது ஸ்டாக்கிங், அதாவது இழுப்பின் கடைசியில் எடை திடீரென்று ஏறுவது. தொங்கும் வில் தராசில் ஒவ்வோர் அங்குலமாக இழுத்து எழுதிப் பாருங்கள். 26-ல் 38, 27-ல் 40½, 28-ல் 43 என்று சீராக ஏறி வந்து, 29-ல் திடீரென்று 47 காட்டினால், அந்த வில்லின் சுவர் 28-லேயே வந்துவிட்டது. 27 இழுப்பவருக்கு அது அருமையான வில். 29 இழுப்பவர் ஒவ்வோர் அம்புக்கும் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார். செய்பவரிடம் இந்த அங்குலவாரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். “மென்மையாக இழுக்கும்” என்ற வாசகத்தைவிட அந்த நான்கு எண்கள் அதிகம் சொல்லும்.

மொத்த நீளம் ஒன்றாக இருந்தாலும் பங்கீடு வேறாக இருக்கலாம். 60 அங்குல வில்லில் நீள ரைசரும் குட்டை லிம்பும் இருந்தால் கை ஆடாமல் நிற்கும், ஸ்டாக்கிங் சீக்கிரம் வரும். குட்டை ரைசரும் நீள லிம்பும் என்றால் இழுப்பு மென்மை, ஆனால் வில் இலேசாகி, எய்யும்போது கையில் அதிர்வு கூடும்.

இணைப்பு

பரவலாக இருப்பது ஒரு திருகு, இரண்டு முளை. ஃப்ரெட் பேர் வடிவமைத்த டேக்டவுனில் திருகே கிடையாது, விரலால் மூடித் திறக்கும் தாழ்ப்பாள்தான். மூன்றாவது ஐ.எல்.எஃப். எனப்படும் பொது இணைப்பு. ஒலிம்பிக் வில்களில் காண்பது இதுவே. யார் செய்த ஐ.எல்.எஃப். லிம்பும் யார் செய்த ஐ.எல்.எஃப். ரைசரிலும் பொருந்தும். எடை இன்னும் நிலைபெறாதவருக்கு மரத்தில் செய்த ஐ.எல்.எஃப். ரைசரைத்தான் சொல்வோம். 17 அங்குல ரைசரில் குட்டை, நடுத்தர, நீள லிம்ப்கள் முறையே 58, 60, 62 அங்குல வில்லைத் தரும். ஒரு எச்சரிக்கை: கடையில் விற்கும் ஐ.எல்.எஃப். லிம்பில் எழுதியிருக்கும் எடை பொதுவாக 25 அங்குல ரைசரில் அளந்தது. 17 அங்குல ரைசரில் அதே லிம்ப் பல பவுண்டு கூடுதலாக இழுக்கும்.

திருகு இணைப்பில் லிம்பின் அடி, ரைசரில் அது உட்காரும் தளத்தில் முழுதாகப் படிய வேண்டும். திருகை முடுக்கிய பிறகு சிகரெட் தாள்போல மெல்லிய தாள் ஒன்றை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால் லிம்ப் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. திருகும் முளையும் மரத்திலேயே நேராக இறங்குகிறதா, உலோகக் குழல் பதித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் மரத்துளை நாளடைவில் நீள்வட்டமாகத் தேய்ந்து, லிம்ப் ஆட ஆரம்பிக்கும்.

கை, கண், விரல்

வலக்கை வில் என்றால் வலக்கையால் நாணை இழுப்பது, இடக்கையில் வில்லைப் பிடிப்பது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான வில்லை ஆர்டர் செய்பவர்கள் உண்டு. ஆளும் கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தூரத்துப் பொருள் ஒன்றை இரு கண்ணும் திறந்தபடி விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் இருக்கிறதோ அதுவே ஆளும் கண். இழுக்கும் கையும் அதே பக்கமாக இருப்பது நல்லது.

கைப்பிடி தாழ்வு, நடுத்தரம், உயரம் என மூன்று விதம். தாழ்ந்த பிடியில் உள்ளங்கையின் அடி முழுவதும் சாயும். களைப்பு குறைவு, ஆனால் ஒவ்வோர் அம்புக்கும் அழுத்தம் மாறினால் அம்பு மேலும் கீழும் போகும். உயர்ந்த பிடியில் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையிலான கவை மட்டுமே தொடும். துல்லியம் உண்டு, மணிக்கட்டில் பலமும் வேண்டும். உங்கள் கையைத் தாளில் விரித்து வரைந்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரையான அளவையும் எழுதி அனுப்புங்கள். சிறிய கை உள்ளவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதைச் செய்யாவிட்டால் பருத்த பிடிதான் வந்து சேரும்.

நாணை எப்படிப் பிடிப்பீர்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். அம்புக்கு மேல் ஒரு விரல், கீழ் இரண்டு விரல் என்றால், கீழ் லிம்ப் சற்று விறைப்பாக இருக்கும்படி டில்லர், அதாவது இரு லிம்ப்களின் விறைப்புச் சமன், வைப்பார்கள். லிம்ப் அடியிலிருந்து நாண் வரையான தூரம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் அரைக்கால் அங்குலமோ கால் அங்குலமோ கூடுதலாக இருக்கும். மூன்று விரலும் அம்புக்குக் கீழே என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். திருகு இணைப்பில் இதைப் பிறகு மாற்ற முடியாது. தவறான டில்லரில் நாக் புள்ளியை (நாணில் அம்பைப் பூட்டும் இடம்) எங்கே வைத்தாலும் அம்பு துள்ளும், வில் இரையும்.

அம்பு உட்காரும் ஜன்னல் வில்லின் மையக்கோட்டைத் தாண்டி அரைக்கால் அங்குலம் வெட்டியிருப்பது வசதி. தோல் பட்டை ஒட்டித் தேவையான அளவுக்கு வெளியே கொண்டுவரலாம், பலவகை விறைப்புள்ள அம்புகளும் ஒத்துப்போகும். மையத்துக்கு முன்பே வெட்டை நிறுத்தியிருந்தால் இளகிய அம்புதான் சரிப்படும். லிம்ப் நுனிகள் ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நீளாத நாணைத் தாங்கும்படி ஃபினாலிக் என்ற கடினப் பிசின் தகடு ஒட்டி வலுப்படுத்தியவையா என்றும் எழுதி வாங்குங்கள். வலுவில்லாத நுனிக்கு அந்த நாணைப் போட்டால் நுனி பிளக்கும்.

மரம்

இப்போது மரத்துக்கு வரலாம். ரைசருக்குக் கனமான மரம் நல்லது, கனம் கையை நிலைநிறுத்தும். புபிங்கா, ஷெடுவா, வால்நட், மேப்பிள் எல்லாம் நன்றாக உழைக்கும். நம் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவான கோகோபோலோ கண்ணைப் பறிக்கும்; எண்ணெய்ப்பசை உள்ளதால் ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்தபின்தான் பசையிட வேண்டும். கோகோபோலோவும் புபிங்காவும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், வில் நாட்டு எல்லையைக் கடந்து வருவதாக இருந்தால் காகிதங்களைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். லிம்பின் உள்ளே மூங்கிலும் மேப்பிளும் நம்பகமானவை. வெளியே ஃபைபர் கிளாஸ். கார்பன் சேர்த்தால் அம்பின் வேகம் கொஞ்சம் கூடும், விலை நிறையக் கூடும்.

பெட்டி வந்த அன்று

லிம்ப்களைப் பொருத்தித் திருகைக் கையிறுக்கமாக முடுக்குங்கள். கருவியால் நெரித்தால் லிம்பின் அடி நசுங்கும். ஸ்ட்ரிங்கர் கயிறு கொண்டு மட்டுமே நாணேற்றுங்கள். காலுக்குள் கொடுத்து வளைத்து நாணேற்றினால் புது லிம்ப்கூட முறுக்கிக்கொள்ளும். பிறகு வில்லை நாற்காலி முதுகில் சாய்த்து, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் இரு லிம்பையும் நடுவாகப் பிளந்து, திருகுகளின் தலைமேல் ஓடி, நுனிப் பள்ளத்தில் நேராக இறங்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் நாண் கண்ணி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா, லிம்ப் அடி படிந்ததா என்று பார்த்து மறுபடி பூட்டுங்கள். அப்படியும் ஒதுங்கினால் படம் எடுத்துச் செய்தவருக்கு அனுப்புங்கள். நீங்களே சூடுகாட்டி நிமிர்த்த முயல வேண்டாம்.

பிரேஸ் உயரத்தை, அதாவது கைப்பிடியின் ஆழத்திலிருந்து நாண் வரையான தூரத்தை, ஏழரை அங்குலத்தில் தொடங்கி, நாணை முறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஓசை அடங்கும் இடம் பெரும்பாலும் எட்டேகாலுக்குள் கிடைத்துவிடும். செய்தவர் கொடுத்த வரம்பு வேறாக இருந்தால் அதுவே சரி. உங்கள் இழுப்பு நீளத்தில் தராசு காட்டும் எடை, கேட்டதிலிருந்து இரண்டு பவுண்டு வரை விலகியிருப்பது வழக்கம்; அதற்கு மேல் என்றால் பேச வேண்டும். அம்பின் கனம், வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் எட்டு முதல் பத்து கிரெயின் (அம்பின் எடை அலகு) இருக்கட்டும்: 40 பவுண்டு வில்லுக்கு 320 முதல் 400 வரை. அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விடாதீர்கள். நூறு அம்புக்குப் பிறகு திருகுகளை மறுபடி தொட்டுப் பாருங்கள், டார்ச் அடித்து லிம்ப் ஓரங்களில் மயிரிழை விரிசல் உண்டா என்று தேடுங்கள். கோடையில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள், பசை இளகி அடுக்குகள் பிரியும்.