ஜெனோவாவுக்கு அரை நாள் போதாது: பயணத் திட்டத்தில் நேரும் தவறுகள்

முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடும். இத்தாலியின் பழம்பெரும் துறைமுகம் ஜெனோவா. சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் இருப்பது ஜெனீவா. ஒரு எழுத்து மாறினால் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் போய் இறங்க வேண்டியதுதான். விமான நிலையக் குறியீடு இன்னும் வேடிக்கையானது. ஜெனோவாவின் குறியீடு ஜி.ஓ.ஏ. நம் கோவாவுக்கோ ஜி.ஓ.ஐ., ஜி.ஓ.எக்ஸ். என்று இரண்டு இருந்தும் அந்த மூன்றெழுத்து கிடைக்கவில்லை. பணம் கட்டும் முன் ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, ஊரைச் சரியாகப் பிடித்துவிட்டோம். அடுத்த தவறு, அதற்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதில். மிலானில் இரண்டு நாள், சிங்க்வே தேர்ரே என்ற கடலோரக் கிராமங்களில் இரண்டு நாள், நடுவில் ரயில் மாறும்போது ஜெனோவாவில் நான்கு மணி நேரம். பலருடைய திட்டம் இப்படித்தான் இருக்கிறது. அந்த நான்கு மணி நேரத்தில் என்ன கிடைக்கும்? ரயில் நிலைய வாசலின் போக்குவரத்து, துறைமுகத்தை ஒட்டித் தலைக்கு மேல் இரைந்துகொண்டு ஓடும் பறக்கும் சாலை, இருட்டான இரண்டு சந்துகள். ‘அழுக்கு ஊர்’ என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. வெனிஸைப் போல வந்தவுடன் காட்சி தரும் ஊர் இல்லை இது. கப்பலும் கண்டெய்னருமாக இன்றும் வேலை பார்க்கும் துறைமுகம். இரண்டு இரவாவது தங்கினால்தான் பிடிபடும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெனோவாவில் இரண்டு நாள், அப்புறம் எல்லை தாண்டி நீஸிலும் பாரிஸிலும் ஐந்து நாள் என்றால் உங்கள் விண்ணப்பம் பிரான்ஸுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை தள்ளிப்போடுவது ஆபத்து. ஜெனோவாவில் சொகுசுக் கப்பல் ஏறுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. கப்பல் துனிசியா, துருக்கி போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டில் நின்றுவிட்டுத் திரும்பும் என்றால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசா வேண்டும்.

வரைபடம் தட்டை, ஊர் செங்குத்து

இது நானே செய்த தவறு. பியாட்சா பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டர் என்று வரைபடம் காட்டிய விடுதியில் அறை போட்டேன். 400 மீட்டர் உண்மைதான். அதில் பாதி மேல்நோக்கி இருந்தது. செங்கல்லும் கூழாங்கல்லும் பதித்த செங்குத்துப் பாதையில் (உள்ளூரில் ‘குரோசா’ என்கிறார்கள்) இரண்டு பெட்டிகளை இழுத்து ஏறுவதற்குள் ஒரு பெட்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. விடுதிக்காரரைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. விலாசத்தைப் பார்த்தேன், உயரத்தைப் பார்க்கவில்லை.

கடலுக்கும் மலைக்கும் நடுவே நெருக்கியடித்து எழுந்த ஊர் இது. பக்கவாட்டில் வளர இடமில்லாமல் மேலே மேலே ஏறிவிட்டது. சில வீடுகளில் கீழ்த்தெருவிலிருந்து பார்த்தால் நான்காம் மாடியாக இருப்பது, மேல்தெருவிலிருந்து பார்த்தால் வாசல். அதனால் பேருந்தைப் போலவே லிஃப்டும், கயிற்றால் இழுபடும் மலை ரயிலும் இங்கே பொதுப் போக்குவரத்து. பியாட்சா போர்தெல்லோவில் ஒரு சுரங்க நடைபாதையின் முடிவில் இருக்கும் லிஃப்டில் ஏறுங்கள். கதவு திறந்தால் காஸ்தெல்லெத்தோ மேடை. சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகள், நடுவே கோபுரங்கள், அதற்கப்பால் கிரேன்கள், கடல். ஊருக்கு வந்த முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும். மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால், கீழே சந்துகளில் திரியும்போது எந்தப் பக்கம் கடல் என்பதாவது தெரியும். விநோதமாக ஒன்று வேண்டும் என்றால், பிரின்சிபே பக்கம் மொந்தெகல்லெத்தோ லிஃப்ட் இருக்கிறது. அதன் பெட்டி முதலில் சுரங்கத்துக்குள் ரயில்போலப் படுக்கைவாக்கில் ஓடி, பிறகு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. குழந்தைகள் இறங்கவே மறுப்பார்கள்.

சக்கரப் பெட்டி, முழங்கால் வலியுள்ள அம்மா அப்பா என்று போகிறவர்கள் பிரின்சிபே அல்லது பிரிஞ்ஞோலே நிலையத்தை ஒட்டிய சமதளத்தில் அறை பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு பெரிய நிலையங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பிரின்சிபே மேற்கே, பழைய துறைமுகத்தின் அருகில். பிரிஞ்ஞோலே கிழக்கே. பிரின்சிபேயில் தரைக்கு அடியிலும் நடைமேடைகள் உண்டு. சில வட்டார ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்பும், அறிவிப்புப் பலகையில் தரைக்கு அடியில் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சிவப்பு எண், கறுப்பு எண்

பழைய நகரத்தின் சந்துகளுக்கு ‘கருஜ்ஜி’ என்று பெயர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும், இருபுறமும் ஆறேழு மாடி, மேலே ஒரு கீற்று வானம். அங்கே போனின் இருப்பிடப் புள்ளி தாறுமாறாகக் குதிக்கும். அது காட்டும் அம்புக்குறியை நம்பி நடந்தால் ஒரே மூலைக்கு மூன்றுமுறை வருவீர்கள்.

இதற்கு மேல் ஒரு குழப்பம். ஜெனோவாவில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள். வீடுகளுக்குக் கறுப்பு, கடைகளுக்குச் சிவப்பு. சிவப்பு எண்ணை எழுதும்போது பின்னால் ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள், ரொஸ்ஸோ, அதாவது சிவப்பு என்பதன் சுருக்கம். 35 ஆர் என்ற சாப்பாட்டுக் கடையைத் தேடுகிறவர், அந்த எழுத்தைக் கவனிக்காமல் கறுப்பு 35-க்குப் போய் யாரோ ஒருவர் வீட்டு மணியை அடிப்பார். இரண்டுக்கும் நடுவே நூறு இருநூறு மீட்டர்கூட இருக்கலாம். பயணக் கையேடுகள் எப்போதாவதுதான் இதைச் சொல்கின்றன.

இரவில் இந்தச் சந்துகளில் போகலாமா என்று கேட்பார்கள். ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் போகலாம். வியா பிரே, மத்தலேனா பக்கங்களில் கொஞ்சம் உஷார் வேண்டும். பாலியல் தொழிலும் போதை வியாபாரமும் நெடுங்காலமாக உள்ள பகுதிகள் அவை. பகலில் பெரிய தொல்லை கிடையாது, பர்ஸை மட்டும் முன்பக்கப் பையில் வையுங்கள்.

பார்க்க வேண்டியதில் எதை விடுகிறோம்

வருகிறவர்களில் பாதிப் பேர் மீன் காட்சியகத்திலும் கொலம்பஸ் வீட்டிலும் நேரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். காட்சியகம் பெரியது, நல்லது. கொலம்பஸ் பயணத்தின் 500-ஆவது ஆண்டை ஒட்டி 1992-இல் திறந்தது, வடிவமைத்தவர் இதே ஊர்க்காரரான ரென்சோ பியானோ. குழந்தைகள் இருந்தால் போங்கள். டிக்கெட் விலை அதிகம், அரை நாளும் போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கொலம்பஸ் வீடு? 1684-இல் பிரெஞ்சுக் கடற்படை குண்டு வீசியதில் பழைய வீடு போய்விட்டது. இப்போது நிற்பது 18-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள பழைய கோட்டை வாசல் போர்த்தா சொப்ரானாவை நிதானமாகப் பாருங்கள்.

அந்த நேரத்தை வியா கரிபால்திக்குக் கொடுக்கலாம். ஒரே தெருவில் வரிசையாக அரண்மனைகள். குடியரசாக இருந்த ஜெனோவாவுக்கு மன்னனும் இல்லை, மன்னனின் மாளிகையும் இல்லை. வெளிநாட்டு ராஜாவோ தூதரோ வந்தால் எங்கே தங்கவைப்பது? பணக்கார வணிகர்களின் வீடுகளைத் தகுதிவாரியாகப் பட்டியல் போட்டு, விருந்தாளியின் அந்தஸ்துக்கு ஏற்றபடி சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். யார் பெயர் வந்ததோ அவர் வீட்டில் அரசு விருந்து. அந்தப் பட்டியல்தான் ‘ரொல்லி’. 1576-இல் தொடங்கியது. இவற்றில் 42 மாளிகைகள் 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆனால் பல மாளிகைகள் இன்று வங்கியாகவும் அலுவலகமாகவும் வீடாகவும் உள்ளன. வழக்கமான நாளில் உள்ளே விடமாட்டார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ‘ரொல்லி நாட்கள்’ என்று சில நாள் திறந்துவிடுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுக்கிறவரே கெட்டிக்காரர். முடியாவிட்டால் ரொஸ்ஸோ, பியாங்கோ, துர்ஸி என்ற மூன்று மாளிகைகள் அருங்காட்சியகமாகவே இருக்கின்றன. வயலின் மேதை பகனினி வாசித்த, 1743-இல் செய்த வயலின் துர்ஸியில் இருக்கிறது. திங்கள்கிழமை மட்டும் வேண்டாம், அன்று பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

பழைய துறைமுகத்தின் முன்னால் படம் வரைந்த முகப்போடு நிற்கும் பலாட்சோ சான் ஜோர்ஜோவை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தமிழர்கள் தாண்டிப் போகக் கூடாது என்பேன். 1260-இல் எழுந்த கட்டடம். வெனிஸ்காரரான மார்க்கோ போலோ, ஜெனோவாவிடம் போரில் சிக்கி 1298 வாக்கில் இந்த ஊரில் சிறையிருந்தார். அது இந்தக் கட்டடத்தில்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவர் சொல்லச் சொல்ல, உடன் சிறையிலிருந்த பீசா நகரத்து ருஸ்திக்கெல்லோ எழுதினார். பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும், குதிரைக் கப்பல்கள் வந்து தங்கும் காயல் துறைமுகமும் ஐரோப்பியக் காதுக்குப் போனது அந்தச் சிறைப் பேச்சின் வழியாக. தாமிரபரணி முகத்துவாரத்தின் கதை இந்த ஊர்ச் சுவர்களுக்குள் எழுதப்பட்டது என்று நினைத்தபடி அங்கே ஐந்து நிமிடம் நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சான் லொரென்சோ பேராலயத்தையும் விட வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முகப்பு. உள்ளே ஒரு பீரங்கிக் குண்டை வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை சுட்டது, கூரையைத் துளைத்து விழுந்தும் வெடிக்கவில்லை.

பசிக்கும் நேரம் வேறு

மாலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்து சாப்பாடு கேட்டால் கிடைக்காது. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு, இரண்டரை வரை. அப்புறம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுக்கு ஏழரைக்கு மேல்தான். இடையில் வயிறு இரைந்தால் ஃபொக்காச்சா கடைகள் காப்பாற்றும். ஆலிவ் எண்ணெயில் ஊறிய, உப்பு தூக்கலான தட்டை ரொட்டி. ஊர்க்காரர்கள் காலையில் இதைக் கப்புச்சினோவில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். முதலில் எனக்கும் முகம் சுளித்தது. வர்க்கியைக் காபியில் முக்குகிற நமக்கு அதைக் கேலி செய்ய உரிமை இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பெஸ்தோவை நம்பிப் போவார்கள். இது பெஸ்தோ பிறந்த ஊர், துளசிக் குடும்பத்து பேசிலும் பைன் விதையும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைப்பது. ஆனால் அதில் பார்மெசான் சீஸ் உண்டு. அந்தச் சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் விட்டுத்தான் உறையவைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஏற்றது ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். ஓரம் முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் அதன் உயிரே போய்விடும். சில சமயம் மேலே சின்ன மீன் தூவுவார்கள் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரண்டு யூரோ இருந்தால் ஏமாற்று என்று சண்டை போட வேண்டாம். உட்கார்ந்து சாப்பிடும் கட்டணம் அது, மெனுவிலேயே போட்டிருக்கும்.

மழையும், கிளம்பும் வழியும்

கூட்டமில்லை, விலை குறைவு என்று அக்டோபர், நவம்பரில் போக நினைப்பவர்கள் கவனிக்கவும். மலையைக் கடல்காற்று முட்டும் அந்த மாதங்களில் இங்கே சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2011 நவம்பர் 4 அன்று வந்த வெள்ளத்தில் ஆறு பேர் இறந்தார்கள். 2014 அக்டோபரிலும் ஊருக்குள் வெள்ளம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுவார்கள். சிவப்பு என்றால் பள்ளிகளையும் பூங்காக்களையும் மூடிவிடுவார்கள். அன்று அறையில் இருப்பதே சரி. எனக்குப் பிடித்தது ஏப்ரலும் மேயும்.

வட்டார ரயிலில் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், போனில் வாங்கினால் செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம். பக்கத்துக் கடலோர ஊரான போர்தோஃபினோவுக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரில் ரயில் நிலையம் தேடி ஊருக்கே போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். ரயில் ஊருக்குள் போகாது, சாந்தா மார்கெரித்தாவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். அதைவிடப் பக்கத்திலேயே இருக்கும் கமோல்லி எனக்கு நெருக்கமான ஊர்.

கடல் வழியாகக் கிளம்புகிறவர்களுக்கு: சொகுசுக் கப்பல்கள் நிற்பது பிரின்சிபேக்குக் கீழே, நடந்தே போகலாம். சார்தீனியா, கோர்சிகா, சிசிலி போகும் ஃபெர்ரிகள் நிற்பது அதற்கும் மேற்கே, தினேக்ரோ மெட்ரோ நிலையத்தின் அருகில் உள்ள வேறு முனையம். டாக்ஸியில் ஏறி ‘போர்த்தோ’ (துறைமுகம்) என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடுவார். ஃபெர்ரிக்கு என்றால் ‘திராகெத்தி’ என்று சொல்லுங்கள்.