பாட்டு மூளைக்கு உதவும். எப்போது என்பதில்தான் தவறுகிறோம்

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பலர் இயர்போனோடுதான் உட்காருகிறார்கள். வாசிக்கிற சொல்லை மனசுக்குள் ஒலியாக நிறுத்தித்தான் நாம் பொருள் கொள்கிறோம். பாட்டின் வரியும் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஒரே பத்தியை மூன்று தடவை வாசிக்க நேர்வது இதனால்தான். தெரிந்த சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலில் கேட்டாலும் வரி தானாக உள்ளே ஓடும். மனப்பாடம், கட்டுரை எழுதுவது இரண்டுக்கும் பாட்டே வேண்டாம். படிக்க உட்காரும் முன் 10 நிமிடம் பிடித்ததைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடட்டும்.

'மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு கூடும்' என்று நம்பிக் கர்ப்பிணியின் வயிற்றில் ஹெட்போன் வைப்பது அடுத்த தவறு. இந்த நம்பிக்கைக்கு அடிப்படை 1993-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சோதனை. அதில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை. வடிவங்களை மனசில் திருப்பி, மடித்துப் பார்க்கும் கணக்குகளில் மட்டும் அவர்களுக்கு மதிப்பெண் ஏறியது, அதுவும் 10–15 நிமிடத்தில் இறங்கிவிட்டது. மனம் உற்சாகமானதே காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த உற்சாகத்தை நம்மூர் பம்பையும் தரும். 'மூளை வளர்ச்சி இசை' என்று விற்பதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

சென்னிமலைப் போர்வைக்கோ திருப்பூர் பனியனுக்கோ டிசைன் போடுகிறவர்கள் முழுநாளும் பாட்டை ஓடவிடுகிறார்கள். இந்த வேலையில் இரண்டு கட்டம் உண்டு. யோசனைகளைக் கொட்டும் கட்டத்தில் துள்ளலான இசை கை கொடுக்கும். 2017-ல் வந்த ஆய்வு அதைத்தான் சொன்னது. சிக்கலை அவிழ்த்து ஒரே விடைக்கு வரும் கட்டம் வேறு. மூன்று சொற்களோடும் சேரும் நான்காவது சொல்லைக் கண்டுபிடிக்கும் புதிரில், வரியில்லாத இசைகூட விடைகளைக் குறைத்ததை 2019-ல் கண்டார்கள்; நூலகத்தின் லேசான சலசலப்பு அப்படிக் கெடுக்கவில்லை. ஆகவே முதல் 20 நிமிடம் பாட்டோடு பத்துப் பதினைந்து கிறுக்கல் போடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளவு, நிறக் கணக்கு பார்க்கும்போது பாட்டை அணைத்துவிடுங்கள்.

தறிக்குடோனுக்குள் இயர்போன் மாட்டுவது ஆபத்து. தறிச் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டியே ஆக வேண்டும். 80 டெசிபல் சத்தத்தைக் காது வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கும். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 20 நிமிடம். உள்ளே காதடைப்பான் போடுங்கள், பாட்டை வெளியே வந்து கேளுங்கள்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது, பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளின் வள்ளி கும்மியை, அதாவது பாடிக்கொண்டே ஆடும் நம்மூர்க் கும்மியாட்டத்தை, நிறுத்துவது. 2004-ல் கனடாவில் 6 வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 36 வாரம் இசை கற்றவர்களின் நுண்ணறிவு மற்றவர்களைவிடச் சுமார் 3 புள்ளிதான் கூடுதலாக ஏறியது. சின்ன லாபம், மார்க்குக்காக அனுப்ப இது போதாது. ஆனால் கும்மியில் காது, குரல், கை, கால் நான்கும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டு இருப்பதில் மூளைக்கு அந்த வேலை கிடையாது. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் பிள்ளைகளைக் கும்மிக்கு விடுங்கள். புது அடவை எடுத்ததும் முழு வேகத்தில் ஆடவிடாதீர்கள்: முதலில் கைத்தட்டு மட்டும், பிறகு கால், கடைசியில் பாட்டு. பாட்டுச் சேரும்போது கால் தடுமாறினால், வேகத்தைப் பாதியாக்கி மறுபடி கைத்தட்டிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.